கிழக்குச் சுவர்

வரைபடத்தில் கிழக்கே ஒரு பச்சைக் கட்டம்.
செம்பனை.
ஆள் நடமாட்டம் நாற்பதில் ஒன்று என்று
குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து
நான்தான் எழுதினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்
எவ்வளவு நேரம் இருப்பார்?
கதிர்சிகிச்சை அறை கட்டும்போது
இதைக் கேட்காமல் கனம் போட முடியாது.
அலுவலகம் என்றால் முழுசாய் ஒன்று.
கழிவறைக்கு இருபதில் ஒன்று.
மனிதர்களைப் பின்னமாக்கிப்
பெருக்கிப் பழகிய கை.

பாகாவுக்குப் போனது மண் பரிசோதனைக்கு.
காலி நிலத்தில் குத்தகைக்காரரின் கண்டெய்னர்,
அதன் கிழக்கே, மூன்று மணிக்கு,
ஒரு பாய் அகல நிழல்.
நிழலுக்குள் ஐந்து பேர்,
உதிரிப்பழச் சாக்குகள்.
தெய்வானை பூட்ஸைக் கழற்றி
கால்விரல்களைக் காற்றாட விட்டிருந்தார்.
லொம்போக்கிலிருந்து வந்த சுஹார்டி
அரிவாள் கம்பைச் சாய்த்துவிட்டுத் தூங்கினான்.

"எவ்வளவு நேரம் உட்காருவீங்க?"
"லோரி வர்ற வரைக்கும். ஒரு மணி. மழைன்னா கூட."
"மரத்தடியில உட்காரலாமே?"
"கொசு. லோரிக்காரன் கண்ணுக்கும் தெரியமாட்டோம்."

அப்போதுதான் உறைத்தது.
நான் வரைந்திருப்பது ஆறடிக் கனம், இருபதடி உயரம்.
மூன்று மணிக்கு அது விரிக்கப்போகும் நிழலை
எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.
ஆளில்லை என்று மெலியக் கட்டினால்
சுவரே ஆளைக் கூப்பிடும்.

எட்டு மணி நேர வேலையில் ஒரு மணி.
இரவு விடுதியில் எட்டில் ஒன்று என்று திருத்தினேன்.
ஐந்து மடங்கு.
ஐந்து மடங்குக்கு
இன்னும் இருபத்தைந்து சென்டிமீட்டர்.
ரோஸ்லான் தொலைபேசியில் விலை சொன்னார்,
இரண்டு முறை, நிறுத்தி நிறுத்தி.
"செம்பனைக்கா இவ்வளவு வெள்ளி?"

ஒரே மூச்சில் ஊற்றினோம், பதினாறு மணி நேரம்.
நடுவில் நின்றால் கான்கிரீட்டில் தையல் விழும்,
தையல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.
கலவை லோரிகளின் விளக்கு
விடியும் வரை செம்பனைகள் மேல் ஏறி இறங்கியது.

அச்சுப்பலகை கழற்றிய அன்று தெய்வானை வந்தார்.
சுவரைத் தட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை.
"இங்க ஒரு பைப்பு வெச்சுக் குடுங்க, கை கழுவ."
இந்தச் சுவரில் ஓட்டை போடக்கூடாதுக்கா என்றேன்.
"யாரு ஓட்டை போடச் சொன்னா?
சுத்திக் கொண்டாங்க."

சுற்றிக் கொண்டுவந்தோம். நாற்பத்திரண்டு அடி.

கருவி ஓடத் தொடங்கிய வாரம்
மீட்டரைப் பிடித்துக்கொண்டு
கிழக்குச் சுவரோரம் மெல்ல நடந்தேன்.
முள் அசையவில்லை.
குழாயடியில் மண் ஈரமாக இருந்தது.