இடப்பக்கமாக மெல்லுதல்

பல் மருத்துவர் தாளில் எழுதித் தந்த தொகை
ஆயிரத்து முந்நூற்றைம்பது லாரி.
திருகாணி, கிரீடம், இரண்டு முறை வந்துபோவது உட்பட.
தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
பிராசஸர், என்று எழுதினேன்.

திபிலீசி மெட்ரோவில்
நகரும் படிக்கட்டின் அடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
அதற்குள் நான், நெஸ்தான்.
ஓடாதே. உட்காராதே. வலப்பக்கம் நில்.
மூன்று வாக்கியம், ஓர் ஒலிபெருக்கி,
பத்தொன்பது வருடமாக
மற்றவர்கள் மேலே போவதைப் பார்க்கிறேன்.
ஒரு மலையை நானாக ஏறவேண்டும்.
முழங்கால் சம்மதிக்காது.
அதனால்தான் இந்தக் கணக்கு.

ஆறு கோர் போதும்.
எட்டு கோர் பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டுகிற வளையல்.
பதினாறு ஜிபி ஒரே குச்சியில் மலிவு என்றான் ஒருவன்.
ஒரு கை தட்டினால் ஓசை வராது தம்பி,
எட்டாக இரண்டு கொடு.
வண்ணம் மாறும் விசிறி: அடித்தேன்.
கண்ணாடிக் கதவு: அடித்தேன், கூண்டில் இருந்தது போதும்.
பவர் சப்ளையில் மட்டும் பேனா நின்றது.
பெயர் தெரியாத ஒன்று தொண்ணூறு லாரி,
பெயருள்ளது இருநூற்றுப் பத்து.
யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கா பேரம்?
இருநூற்றுப் பத்து.

லிலோ சந்தையில் பின்வரிசைக் கொள்கலன்.
மல்காஸ் கேட்டான்: மகனுக்கா?
எனக்கு.
கையிலிருந்த பெரிய கிராபிக்ஸ் அட்டையைக் கீழே வைத்தான்.
பிறகுதான் சரியான கேள்வி வந்தது:
திரை என்ன?
தம்பி போலந்துக்குப் போகும்போது விட்டுப்போன டிவி.
அப்படியானால் இது போதும் அக்கா, என்று
அலமாரிக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்தான்.

குட்டைசிப் பக்கம் கோழிக் கொட்டகை ஒன்றில்
இரண்டு வருடம் இரவுபகலாக நாணயம் தோண்டிய அட்டை.
மறைக்கவில்லை அவன். மறைக்கவும் முடியாது,
விசிறியில் ஒரு வெள்ளை இறகு.
உழைத்துத் தேய்ந்தது என்று எல்லோரும் ஒதுக்குகிறார்களாம்.
நிற்காமல் ஓடுவது எதையும் கெடுப்பதில்லை மல்காஸ்,
நிறுத்தி நிறுத்திக் கிளப்புவதுதான் கெடுக்கும்.
படிக்கட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.
ஐந்நூற்றிருபது என்றான்.
அரைமணி நேரம் ஓடவிட்டு, சூட்டை எண்ணில் பார்த்து,
நானூற்று முப்பதுக்கு முடித்தோம்.
இறகு இலவசம்.

பெட்டிக்குக் காசில்லை.
கணக்கர் அறையில் தூக்கிப்போட்டதை எடுத்துவந்தேன்.
அட்டை இரண்டு விரற்கடை நீளம்.
அளந்துதான் வாங்கினேன்;
அளந்தது வெளிப்பக்கம்.
படிக்கட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விடும் ஜும்பேர்
ரம்பத்தோடு வந்து
உள்ளே இருந்த தகரக் கூட்டை அறுத்தான்.
எதற்கு என்று கேட்கவில்லை.
அவனுக்கு ஒரு புட்டி வைன், இருபத்தாறு லாரி,
தாளில் கடைசி வரி.

ஞாயிறு இரவு பதினொன்று.
பொத்தான். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது.
திரை கறுப்பு.
ரேமைக் கழற்றி மாட்டினேன். பசையைத் துடைத்துத் தடவினேன்.
மருத்துவரின் கையெழுத்து இருந்த பக்கத்தைக்கூட
ஒருமுறை திருப்பிப் பார்த்தேன்.
ஒன்றரை மணிக்குத் தெரிந்தது:
டிவி ஒயரை அட்டையில் செருகவில்லை,
மதர்போர்டில் செருகியிருக்கிறேன்.
தனியாகச் சிரித்தேன்,
வாய் நிறையச் சிரித்தேன்,
ஓட்டைப்பல் காற்றில் சுரீர் என்றது.

இப்போது பனி பெய்கிறது.
நிழல்களைக் குறைத்து வைத்தால் ஐம்பது பிரேம்,
கூட்டி வைத்தால் மலை தயங்கித் தயங்கி வருகிறது.
குறைத்தே வைத்திருக்கிறேன்.
வால்நட் ஒன்றை இடப்பக்கமாக மெல்கிறேன்.
மிச்சம் பதினேழு லாரி மேசைமேல்.
எனக்கு முன்னாலும் யாருமில்லை, பின்னாலும் யாருமில்லை,
பாதை முழுவதும் என்னுடையது.
ஆனாலும் பாருங்கள்,
வலப்பக்கமாகவே ஒதுங்கி ஏறுகிறேன்.