மணி வாடகை

படத்தில் சாவு வீட்டுக்குக் கண்ணாடிப் பெட்டி கொண்டுவருகிறவன்
வெற்றிலைப் பல்லோடு இளிக்கிறான்.
மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசுகிறான்.
பாதி ராத்திரியில் கரண்ட் போனதும்
'மீட்டர் நிக்காதுங்க' என்கிறான்.
தண்டையார்பேட்டைத் தியேட்டர் மொத்தமும்
கூரை எகிறச் சிரித்தது.

அது நான்.
பல் மட்டும் கொஞ்சம் வெள்ளை.

எப்சிபா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்,
திரையை அல்ல.
இருட்டில் அவள் முகம் நீலமாகி மஞ்சளாகி,
நான் சிரித்த பிறகே சிரித்தாள்.
எனக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டாள்.

பொய் சொல்லக்கூடாது, படம் நன்றாக இருந்தது.
மூத்த மகன் அப்பாவின் தலைமாட்டில்
தயிர்ப் பாக்கெட்டை ஒளித்து வைக்கிறானே,
வீட்டு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்று,
அங்கே எனக்கு விலா பிடித்துக்கொண்டது.
அப்புறம்தான் யோசித்தேன்,
இதை எழுதினவன்
யார் வீட்டுச் சாவில் போய் உட்கார்ந்திருந்தான்,
அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டானா.

தப்பும் உண்டு.
பெட்டியை இரண்டே பேர் தூக்கிக்கொண்டு
படியேறி ஓடுகிறார்கள்.
கொருக்குப்பேட்டையில் ஒரு மூன்றாவது மாடி,
ஆள் ஒருத்தர் ஒருக்களித்துத் திரும்பும் படிக்கட்டு.
நான், ஏகாம்பரம், தெருப் பையன்கள் நாலு பேர்
நெட்டுக்குத்தலாய் நிறுத்தித்தான் ஏற்றினோம்.
செத்தவரின் மனைவி அழுகையை நிறுத்தி
'பார்த்துப்பா, செவுத்துல பெயிண்டு போயிடப்போவுது' என்றாள்.
பெட்டி திரும்பியதும்
விட்ட இடத்திலிருந்து அழுதாள்.

நாங்கள் அங்கே சிரிக்கவில்லை.
எண்ணூர் ஹைரோட்டில்
கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டி நிற்கையில்
வண்டிக்குள் சிரித்தோம்,
ஏகாம்பரத்துக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.
அது வேற.

வேறதானா?

இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் ஒரு பையன்
'நம்ம ஏரியா அப்படியே மச்சி' என்றான்.
அப்படியேதான்.
மூடின ரயில்வே கேட்டுக்குக் கீழே குனிந்து போகும் சைக்கிள்,
கறுப்புக் கால்வாய்,
தண்ணி லாரிக்குப் பின்னால் குடங்கள் ஓடும் தெரு.
எல்லாம் சரியாய் இருந்தும்,
வீட்டுக்கு வந்த விருந்தாளி
கழுவாத பாத்திரத்தை போட்டோ எடுத்தாற்போல் இருந்தது.

பிறகு அந்தக் குழந்தை.
வெயிலுக்கு இதமாய்
பெட்டிக் கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொள்கிறது.
தியேட்டர் சிரித்தது.
கொடுங்கையூரில் ஒரு மே மாசம்
கவுன் போட்ட ஒன்று இதே மாதிரி,
உள்ளே அதன் அம்மா.
விலக்கவா வேண்டாமா தெரியாமல்
குளிரை ஒரு புள்ளி கூட்டி வைத்தேன்.
எப்சிபாவிடம்கூடச் சொன்னதில்லை.
திரைக்கு எப்படிப் போனது?

'எப்படி இருந்தது?' வெளியே வந்ததும் கேட்டாள்.
'சுமார்.'
'அந்தச் சிரிப்புச் சிரிச்சே?'
பதில் சொல்வதற்குள் போன்.
புது வண்ணாரப்பேட்டை, யாரோ பையன், குரல் உடைந்து,
'அண்ணே, பெட்டி வேணும், மணிக்கு எவ்ளோ?'
எழுத்து மாறாமல் படத்து வசனம்.
எப்சிபா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு
முதுகைத் திருப்பிக்கொண்டாள்.
தோள் குலுங்கியது.
'நாள் வாடகைதான் தம்பி' என்றேன்,
என்னால் முடிந்த அளவு மெதுவாக.

கடைவாயில் பாப்கார்ன் தோல் ஒன்று.
பெட்டியை இறக்கும்போதும், வயரைச் சொருகும்போதும்,
காலைப் பிடித்து அவரை உள்ளே வைக்கும்போதும்
நாக்கு அதையே துழாவிக்கொண்டிருந்தது.
உதட்டைக் கடித்தேன், முகத்தைக் கோணினேன்.
செத்தவரின் மச்சினி பார்த்துவிட்டு
ஒரு கிளாஸ் டீயைக் கையில் திணித்தாள்.
'உனக்கும் பழக்கமாப்பா அவரு?'

ஆமாம் என்பது போலத் தலையாட்டினேன்.
டீ குடித்ததும்
தோல் வந்துவிட்டது.