ஒன்பதாம் பக்கத்திலிருந்து

அட்டை இல்லை, பெயரும் இல்லை.
மழைக்குள் ஒரு ரயில் வந்து நிற்கும்
ஒன்பதாம் பக்கத்தில்தான்
எங்களுக்குக் கதை தொடங்கும்.
முன்னூற்று நான்கில்
தில்லைவடிவு கடிதத்தைப் பிரிக்கப் போகிறாள்.
விரல் உறையின் வாயில் இருக்கிறது.
மிச்சம் கறையானுக்கு.

அம்பகாமக் காட்டில்
ஐம்பது நிமிடம் மண்ணைச் சுரண்டினால்
பத்து நிமிடம் ஓய்வு.
முகக்கவசம் கழற்றி
நாடியில் வழிகிற வியர்வையைத் துடைத்துவிட்டு
நிறஞ்சலா வாசிப்பாள்.
ஆறு பெண்கள், ஒரு போத்தல் பிளேன்ரீ,
சிவப்புத் தலைக் கட்டைகளுக்கு இந்தப் பக்கம்
பாலை மர நிழல்.
விசில் ஊதும்வரை
கருணாலயனுக்காகக் காத்திருப்போம்.

எனக்கு அவனைப் பிடிக்காது.
இதை எழுதியே வைக்கிறேன்.
எண்பத்து மூன்றில்
அவள் அழுதுகொண்டிருக்க
"தேத்தண்ணி ஆறுது" என்கிறவன்.
கோபத்துக்கு மௌனம் என்று
பெயர் மாற்றி வைத்திருப்பவன்.
மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றால்
திரும்பியும் பார்க்க மாட்டேன்.

ஆனால் நூற்றுப் பதினேழில்
குடையை அவள் கையில் திணித்துவிட்டு
நனைந்துகொண்டே நடக்கிறானே, பாவி,
ஒவ்வொரு முறையும்
கவசச் சட்டைக்குள் ஏதோ கீச்சிடுகிறது,
கருவிக்குக் கீழே ஆணி கிடந்தாற்போல.
ஆணிதான், தெரியும்.
இருந்தும்
முழங்காலிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கடிதத்தில் என்ன என்று
நாலு வருடமாய்ச் சண்டை.
"கலியாணம்தான், வேறென்ன?" புஸ்பலதாவுக்கு.
"சாவு வீடு" என்பாள் தர்மினி.
அவளுக்கு எல்லாக் கதையும் அப்படித்தான்.
யசோ இரண்டு பக்கமும் சேரமாட்டாள்.
"காயிதம் வந்ததுதானே" என்பாள்,
போத்தல் மூடியை இறுக்கியபடி.

போன மாசம் கிளிநொச்சியில்
நடைபாதைக் கடையொன்றில்,
நாட்காட்டிகளுக்கும் சோதிடப் புத்தகங்களுக்கும் நடுவில்
பளபளக்கும் அட்டையோடு ஒரு மறுபதிப்பு.
சும்மாதான் விரித்தேன்.
மழை. ரயில்.
கை நடுங்கிற்று.
கண்ணிவெடிக்கு நடுங்காத கை.

முடிவைத்தான் பார்த்திருக்க வேண்டும்.
முதல் எட்டுப் பக்கத்தை வாசித்தேன், நின்றபடி.
ரயில் வருவதற்கு முன்னால்
மூன்று நாள் அந்த மேடையில் நின்றிருக்கிறான்.
கடனுக்கு வாங்கிய குடை.
அவளிடம் சொல்ல
ஒரேயொரு வசனம் பாடமாக்கியிருக்கிறான்.
ரயிலின் இரைச்சலில் அதை மறந்துபோகிறான்.
அதற்குப் பிறகு முன்னூறு பக்கமும்
அந்த வசனத்தைத்தான் தேடுகிறான்
தேத்தண்ணியிலும் குடையிலும்.

"வாங்கிறதெண்டால் வாங்கும் தங்கச்சி,
மழை வருது"
கடைக்காரர் பொலித்தீனை இழுத்தார்.
கடைசிப் பக்கங்கள் பிரியாமல்
ஒட்டிக்கொண்டிருந்தன.
ஆயிரத்து நானூற்றைம்பது ரூபாய்.
கையில் காசும் இருந்தது.
வைத்துவிட்டு வந்தேன்.

இன்றைக்கு எண்பத்து மூன்று.
நிறஞ்சலா குரலைத் தாழ்த்தி
"தேத்தண்ணி ஆறுது" என்றதும்
வழக்கம்போல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்,
ஏசப் போகிறேன் என்று.
"பாவமப்பா அவன்" என்றேன்.

"என்னடி, கட்சி மாறிட்டியோ?"
தர்மினி சிரித்ததில் தேத்தண்ணி சிந்தியது.
யசோ மட்டும் சிரிக்காமல்
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசில்.
கவசத்தை இறக்கிக்கொண்டேன்.