பதினேழாம் மீட்டர்

சூளகிரி தாண்டி, கிரானைட் பட்டறைகளுக்குப் பின்னால்
எங்கள் கொட்டகை.
உள்ளே ஒரே ஓர் இறக்கை.
காற்றைப் பார்த்ததே இல்லை அது.
அடியைச் சுவரில் போல்ட் போட்டு முடுக்கி
நுனியை மோட்டார் வைத்து ஆட்டுகிறோம்,
மேலே, கீழே, மேலே, கீழே.
இருபது வருடத்துக் காற்றை
நான்கு மாதத்தில் ஊட்டி முடிக்கவேண்டும்.
நேற்று மாலை எண்ணிக்கை
பதினோரு லட்சத்து நாற்பதாயிரம்.

அதன் தோலில் நாற்பத்திரண்டு வில்லைகள்.
நான்தான் ஒட்டினேன்,
ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு.
ஸ்டிக்கர் பொட்டைவிடக் கொஞ்சம் பெரிது.
வயர் கிடையாது. பேட்டரி கிடையாது.
தொண்ணூறு மீட்டர் உயரத்தில் சுழலும்போது
யார் ஏறிப்போய் மாற்றுவது?
இறக்கை வளைந்தால் வில்லையும் வளையும்,
வளைந்ததில் துளி மின்சாரம் ஊறும்,
ஊறியது நிறைந்ததும்
ஒரே ஒரு சொல்லை அனுப்பிவிட்டு
மறுபடி காலியாகும்.
அந்தச் சொல்லும் பெரிதாக ஒன்றுமில்லை.
தன் நம்பர், அவ்வளவுதான்.

"இதில் என்னம்மா தெரிந்துவிடும்?"
ஆடிட்டுக்கு வந்தவர் கேட்டார்.
சொல்லில் இல்லை சார்,
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருக்கிறது என்றேன்.
அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

இரவு ஷிப்டில் நானும் திம்மராயனும்.
இந்த ஒரு மாதமாக நிறையப் பேசுகிறான்.
ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை,
மச்சான் தவணையில் எடுத்த பைக்,
தளி ரோட்டில் பஸ்ஸை மறித்த யானை,
ஒன்றை முடிக்கும் முன்பே இன்னொன்று.
முன்பெல்லாம் ஷிப்டு முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம்.
"பையன் இப்பத்தான் கலகலப்பா இருக்கான்"
என்றார் கேண்டீன் ஜபீன் அக்கா.

இரண்டே கால் மணி இருக்கும்.
திரையில் இருபத்தாறாம் நம்பர்,
ஒன்பது நொடிக்கு ஒருதரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது,
எட்டானது.
தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால்
ஏழு.

"பாரு நாகரத்னா, இது ஒண்ணுதான் சுறுசுறுப்பு,
மத்ததெல்லாம் தூங்கி வழியுது" என்றான் திம்மராயன்.
தூக்கத்தில் போன் எடுத்த சூப்பர்வைசரும்
கிட்டத்தட்ட அதையே சொன்னார்:
சார்ஜ் நல்லா ஏறுதுபோல, விடும்மா, காலையில் பார்க்கலாம்.

மோட்டார் அதே வேகம்.
பக்கத்து வில்லைகள் அதே ஒன்பது.
பிறகு இது மட்டும் ஏன்
இவ்வளவு சீக்கிரம் நிறைகிறது?

ஆறரை.

யாரையும் கேட்காமல்
சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

நுனி சட்டென்று நிற்காது.
ஒரு ஆள் உயரம் ஆடி, இடுப்பளவு ஆடி,
பிறகு ஒரு சாண்.
வில்லைகள் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவதை நிறுத்தின.
கடைசிவரை பேசியது இருபத்தாறு.
பிறகு அதுவும் இல்லை.
அசையாத இறக்கையிடம்
எங்கே வலிக்கிறது என்று கேட்கவே முடியாது.

ஏணி போட்டுப் பதினேழாம் மீட்டருக்கு ஏறினேன்.
வெள்ளைப் பெயின்ட், வழவழப்பு.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தும்
ஒரு கீறல்கூட இல்லை.
ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன்,
டிங், டிங், டிங், டிங்,
டொப்.
உள்ளே பசை விட்டிருக்கிறது.
தோல் வேறு, எலும்பு வேறு.
சுற்றிலும் தட்டித் தட்டி மார்க்கரால் கோடு இழுத்ததில்
மூக்கு வளைந்த பெங்களூரா மாங்காய் ஒன்று வந்தது.

கீழே ஏணியைப் பிடித்தபடி
திம்மராயன் பேசிக்கொண்டே இருந்தான்.
தக்காளி. பைக். மறுபடி அதே யானை.
மோட்டார் ஓய்ந்த கொட்டகையில்
அவன் குரல் மட்டும், இடைவெளியே இல்லாமல்.

இறங்கி அவன் எதிரில் நின்றேன்.
நாணயம் இன்னும் விரலிடுக்கில் இருந்தது.
எங்கே தட்டுவதென்று தெரியாமல்
சாப்பிட்டியா என்று ஆரம்பித்தேன்.