நாலாம் பக்கம்

"சோகத்தில் மூழ்கியது கிராமம்" என்று
வண்ணார்பேட்டை ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன்.
மூழ்கியது ஒரு பையன்,
சீவலப்பேரிக்குக் கிழக்கே
மணல் அள்ளிய குழியில்.

"தாய் கதறி அழுதது
காண்போர் நெஞ்சை உருக்கியது."
இந்த வரி என் செல்போனில் எப்போதும் இருக்கும்.
சிலசமயம் தாய் இருக்குமிடத்தில் மனைவி.

சுடலைவடிவு கதறவில்லை.
ஈர டவுசரின் பையைத் திருப்பி
ரெண்டு ரூபாயை எடுத்து
முந்தியில் முடிந்துகொண்டாள்.
"காலைல அஞ்சு குடுத்தேம்லா" என்றாள்,
யாரிடமும் இல்லை.

அதையும் எழுதியிருந்தேன்.
இதில் உணர்ச்சி எங்கே என்று வெட்டிவிட்டார்கள்.

பதினாறு கழிந்து, தூத்துக்குடி பஸ்ஸில்
முன்சீட்டிலிருந்து திரும்பினாள்.
"அழுதேன்னு போட்டிருக்கியளே,
எப்பய்யா அழுதேன்?"
கோபமில்லை.
தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கண்டக்டர் தந்த மீதியை
எண்ணாமல் வாங்கிக்கொண்டாள்.