இரண்டே முக்கால் நட்சத்திரம்

வத்தலக்குண்டில் இரவுக் காட்சி.
படம் விட்டபோது மலைக்குக் கடைசி பஸ் போயிருந்தது.
சிமெண்ட் பெஞ்சில் குந்தி
ஒரு பேரரசு எப்படிச் சரிந்தது என்று
வரி ரசீதுகளின் பின்பக்கம் எழுதத் தொடங்கினேன்.

பகலில் நான் நகராட்சி வரிவசூல் பிரிவு.
மாதம் இருமுறை விமர்சகன்.

பிரம்மாண்டம் இருக்கிறது, உயிர் இல்லை என்று
சென்னை முந்திக்கொண்டு சொல்லிவிட்டது.
மன்னனுக்கு மீசை இருக்கிறது, முகம் இல்லை
என்றது மதுரை.
எங்கள் மன்னர் அழமாட்டார் என்று
திண்டுக்கல்லில் ஒரு சங்கம் சுவரொட்டி ஒட்டியது.
இவர் எவருடைய மன்னரும் இல்லை, முழுக்கக் கற்பனை என்று
முதல் அட்டையிலேயே போட்டிருந்தார்கள்.
அந்நேரம் எல்லோரும் முறுக்கு வாங்கப் போயிருந்தோம்.

எனக்கு மிச்சமிருந்தது குதிரை.

மன்னவனூர்ப் புல்வெளி.
பெயரில் மட்டும் மன்னவன் இருக்கிற ஊர்.
தோற்றவன் முடியைக் கழற்றிப் புல்லில் வைக்கிறான்.
பின்னால் நின்ற வெள்ளைக் குதிரை
மெல்ல
முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

எழுதினேன்:
அதிகாரம் போனவனை
விலங்கும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.
இரண்டரை மணிநேர வசனம் சொல்லாததை
ஒரு கழுத்து சொல்லிவிட்டது.
அதற்காகவே முக்கால் நட்சத்திரம் கூட்டினேன்.
மூடுபனியை வரலாற்றின் மறதி என்றேன்.
விடிகாலை பஸ் ஒரு கொண்டை ஊசியில் திரும்ப
பேனா சறுக்கி மறதி இரண்டாக உடைந்தது.
அச்சிலும் அப்படியே வந்தது, மற தி.

அடுத்த வாரம் ஏரிக்கரையில்
மைதீன் பிச்சை வழிமறித்தார்.
நாலாய் மடித்த பத்திரிகையைச்
சேணத்துக்கு அடியிலிருந்து உருவினார்.
குதிரை வியர்வை நெடி, என் பெயரின் மேல்.

"நம்ம ராணியைப் பத்தி எழுதியிருக்கீங்களே சார்."

"அந்தம்மா நடிப்பு சுமார்தான்" என்றேன்.

"அந்தம்மா இல்லே. இது."

கடிவாளத்தின் மறுமுனையில்
மூக்கில் பழைய தழும்போடு
பேரரசின் பட்டத்துக் குதிரை
குப்பைத்தொட்டியில் சோளக்கட்டை தேடிக்கொண்டிருந்தது.

"பதினோரு நாள் மழை சார்.
தீவனம் நேரத்துக்கு வரல்லே.
நான் கேமராவுக்கு இந்தப் பக்கம்
கேரட்டோட நின்னேன்.
அது பசியில திரும்புச்சு.
பொண்ணு வாசிச்சுக் காட்டினா.
மறுபடி வாசின்னேன்."

கூசியது.
"தப்புத்தான். திருத்தம் போடச் சொல்லவா?"

"ஐயோ, வேணாம்! அது நல்லா இருக்கு.
மூணு நாள் வாடகை பாக்கி நிக்குது சார்,
கம்பெனிக்காரன் போனை எடுக்க மாட்டேங்கிறான்.
அதையும் இதே மாதிரி
அழகா ஒரு வரி போட முடியுமா?"

ஒரு படத்துக்கு ஒரு விமர்சனம்தான் என்றேன்.
ஆசிரியர் மீது பழி போட்டேன்.
சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
குதிரை உரிமக் கட்டணம் கட்டவில்லை என்று
போன மாதம் அவருக்குப் போன நோட்டீஸ்
என் கையெழுத்தில் எழுதியது.
அதில் உருவகம் எதுவும் கிடையாது.
தொகை இருந்தது, கெடு தேதி இருந்தது.

ஈரோட்டுக் குடும்பம் ஒன்று வந்து பேரம் பேசியது.
சின்னப் பயலைத் தூக்கிச் சேணத்தில் வைத்து
"ராஜா மாதிரி நிமிர்ந்து உக்காரு" என்றார் அப்பா,
செல்போனை உயர்த்தியபடி.
பையன் உதட்டைப் பிதுக்கினான். பயந்திருந்தான்.

ராணி தலையைத் திருப்பியது.

ஏரியில் பனி இறங்கிக்கொண்டிருந்தது,
அதற்கும் ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிவிட்டு
என் பையைப் பார்த்தேன்.

காலையில் வாங்கிய பன்,
பாதி.