பக்கத்து இருக்கை

நகராட்சி மருத்துவர் காதில் மாட்டிய கருவியில்
ஏதோ ஒலிக்குமாம்; ஒலித்தால் கை தூக்க வேண்டும்.
தாழ்ந்த ஒலிகளுக்கெல்லாம் தூக்கினேன்,
பதில் தெரிந்த பையனைப் போல.
அப்புறம் நெடுநேரம்
கை மடியிலேயே கிடந்தது.
அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்
இன்னும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறதென்று.

தொழில், சென்யோர் எட்செகோயென்?
ஓய்வு என்றேன்.
ஃப்ராய் பென்டோஸ் துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம்
லாரிகளை எடைபோட்டேன்.
அது சம்பளத்துக்கு.
மற்றபடி நாற்பத்தெட்டாம் வருஷத்து ஷெவர்லே ஒன்று,
என்னைவிட உயரமான டபுள் பாஸ் ஒன்று.
அதைத் தூக்கிப்போகத்தான் இதை வாங்கினேன்.
இதற்குப் பெட்ரோல் போடத்தான் அதை வாசித்தேன்.
எது முதலில் என்று கேட்பதை
நிபியா எப்போதோ விட்டுவிட்டாள்.

முன் இருக்கையைப் பாதியாக அறுத்தவன் நானே,
தச்சனிடம் இரவல் வாங்கிய ரம்பத்தால்.
அந்த இடத்தில் பாஸின் கழுத்து சாய்ந்துகொள்ளும்.
இருட்டில் இரண்டு முறை
சோதனைச் சாவடிப் போலீஸ்காரர்கள்
அதற்கு மாலை வணக்கம் சொல்லியிருக்கிறார்கள்.
நிபியா நடனங்களுக்குப் பேருந்தில் வந்தாள்.
பேருந்து போகாத ஊர்களுக்கு வரவில்லை.

ஒன்று ஐந்து மூன்று ஆறு இரண்டு நான்கு.
இந்த என்ஜினில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை அது.
மேடையிலும் அதைத்தான் முணுமுணுக்கிறேன்.
பியானோக்காரன் அபரிசியோ
நான் ஜெபம் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.
ஸ்க்ரூடிரைவர் பிடியைத் தாடையில் வைத்து
முனையை என்ஜின்மேல் ஊன்றினால்
எந்த வால்வு தளர்ந்ததென்று எலும்பு சொல்லிவிடும்.
பாஸும் அப்படியே,
தோளில் சாய்ந்து வயிற்றுக்குள் பேசும்.
காது எனக்கு எப்போது தேவைப்பட்டது?

இதை மருத்துவரிடமும் சொன்னேன்.
அவர் பேனாவின் மூடியைத் திறந்தார்.
ஓராண்டு உரிமம். நிபந்தனை:
காது கேட்கும் ஒருவர் பக்கத்தில் அமர வேண்டும்.

அறுத்த பாதி கோழிக்கூட்டின்மேல் கிடந்தது.
எச்சத்தைச் சுரண்டித் துடைத்தேன்.
போல்ட்டுகள் ரோசின் டப்பாவில்,
நான்கில் மூன்று.
மூன்று போதும் என்றேன்.
நாலாவதை வாங்கிவந்து கூப்பிடு என்றாள் நிபியா,
கையில் பையோடு, வாசலில் நின்றபடியே.

சனிக்கிழமை மெர்சிடெஸ் ஊரில் நடனம்.
குதிரைக் கம்பளியில் சுற்றி
ஐந்து கயிறு போட்டுக் கட்டிய பாஸ்
கூரைமேல் மல்லாந்து படுத்து வந்தது, கோபமாய்.
நிபியா மாத்தே குடுவையை மடியில் வைத்துக்கொண்டாள்.
ஊர் எல்லை தாண்டவில்லை:

அது என்ன கிறீச் கிறீச்?
எது?
டயலுக்குப் பின்னால். எலி கத்துகிற மாதிரி.

ஸ்பீடாமீட்டர் கேபிளாக இருக்கும். எண்ணெய் கேட்கிறது.
எத்தனை நாளாய்க் கேட்கிறதோ,
அவள் இன்றுதான் ஏறினாள்,
நான் ஏறி இறங்கி நாற்பது வருஷம்.

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள்.
வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். உறிஞ்சித் திருப்பினேன்.
உன் முதல் தந்தியும் அப்படித்தான், என்றாள்.
மேலே போகும்போது ஒரு மயிரிழை ஏறிவிடுகிறது.
மூன்று வருஷமாய்.

ஏன் சொல்லவில்லை?

எங்கே வைத்துச் சொல்வது, வில்மார்,
பேருந்திலா?

வண்டியை ஓரங்கட்டினேன்.
டயலுக்கு அடியில் தலையை நுழைத்து
கைக்கு எட்டிய இடத்தில் நாலு சொட்டு விட்டேன்.
இப்போது இருக்கிறதா?

ஓட்டு, என்றாள்.
கேட்டுச் சொல்கிறேன்.